கைக்குக் கை மாறும் படம்

மும்பையிலிருந்து கல்யாண் வழியாகக் கர்ஜத் செல்லும் புறநகர் ரயில் பாதையில், கல்யாணைக் கடந்ததும் விட்டல்வாடியும் அதை அடுத்து உல்லாஸ்நகரும் வருகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்கள் தங்கிச் செல்வதற்கென அமைக்கப்பட்ட கல்யாண் முகாமே, நாட்டுப் பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்திலிருந்து வந்த ஏறத்தாழ ஒரு லட்சம் அகதிகளுக்குப் புகலிடமாயிற்று. 1949 ஆகஸ்ட் 8 அன்று, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி, இங்கு புதிய நகருக்கு அடிக்கல் நாட்டினார். பழைய முகாமின் பகுதிகள் இன்றும் ஒன்று முதல் ஐந்து வரை எண்களாலேயே வழங்கப்படுகின்றன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 13 சதுர கிலோமீட்டர் அளவேயுள்ள பரப்பில் 5,06,098 மக்கள் வாழ்ந்தனர். நிலத்தையும் மூலதனத்தையும் இழந்து வந்தவர்கள் வீட்டையே தொழிற்கூடமாக்கிக் கொண்டதன் விளைவாக, அறைகலன், ஜீன்ஸ் ஆடை, மின்னணுப் பொருள் ஆகியவற்றின் சந்தையாக இந்நகரம் வளர்ந்தது.

இத்தகைய சிறுதொழில்களில் மூலப்பொருள், கடன், மின்சாரம் ஆகியவை பற்றி ஆய்வாளர்கள் நிறையவே எழுதியுள்ளனர். ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் இவற்றோடு மற்றொரு தேவையும் சேர்ந்துகொண்டது, அதுவே புகைப்படம். முன்னர் மாதிரித் துணியைப் பையில் வைத்துக்கொண்டு லோக்கல் ரயிலேறிச் சென்று காட்டிய உற்பத்தியாளர், இன்று கைபேசியில் படமெடுத்து அனுப்புகிறார். பேரம் அப்படத்தின் மேல் நடக்கிறது; முன்பணம் அப்படத்தைப் பார்த்தே தரப்படுகிறது. ஆகவே ஒரு கைபேசியிலிருந்து மற்றொரு கைபேசிக்குப் படம் குறைவின்றியும் விரைவாகவும் பாதுகாப்பாகவும் செல்வது, தொழில் நடத்துவதற்குரிய வசதிகளுள் ஒன்றாகிவிட்டது. அவ்வாறு படத்தை அனுப்பும் செயலியை உருவாக்குவது எத்தகைய பணி, அதன் செலவு எங்கே விழுகிறது, அதை யார் ஏற்பது என்பவை பொருளாதாரக் கேள்விகளாகவும் ஆகின்றன.

படத்தில் தொலையும் தையல்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். மும்பை வழக்கில் கார்கானா எனப்படும் சிறு தையற்கூடம் ஒன்று ஜீன்ஸ் தைத்துத் தருகிறது என்க. தாராவியில் உள்ள மொத்த வியாபாரிக்கு நாற்பது மாதிரிகளின் படங்கள் தேவை. சாதாரணக் கைபேசிக் காமிரா எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் 4,000-க்கு 3,000 என்ற அளவில் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகளால் ஆனது. அதைச் சேமிக்க ஏறத்தாழ 4 மெகாபைட் இடம் வேண்டும். நாற்பது படங்கள் 160 மெகாபைட் ஆகின்றன.

வழக்கமான செய்திப் பரிமாற்றச் செயலியில் இவற்றை அனுப்பினால், செயலி தன் சுமையைக் குறைத்துக்கொள்ளும் பொருட்டுப் படத்தைச் சுருக்கிவிடுகிறது. நீண்ட பக்கம் 1,600 புள்ளிகளாகக் குறைக்கப்பட்டால் எஞ்சுவன 19,20,000 புள்ளிகளே. அதாவது மூலப் படத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. திருமணப் படத்திற்கு இது பெரும் குறையன்று. ஆனால் இரட்டைத் தையல் நேராக ஓடுகிறதா, காஜாவின் ஓரம் பிசிறில்லாமல் இருக்கிறதா, துவைத்து வெளுத்த நீலம் எத்தகையது என்பவற்றைப் பார்க்க வேண்டிய வியாபாரிக்கு, இழந்த அந்த ஐந்து பங்கிலேதான் விவரம் இருக்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்தபின் படத்தில் இருந்தது வேறு, வந்தது வேறு என்ற தகராறு எழுமாயின், நட்டம் பெரும்பாலும் தைத்தவர் தலையிலேயே விழும். வாட்ஸ்அப் 2023-இல் கூடுதல் தெளிவுடன் அனுப்பும் வழியைச் சேர்த்தது. படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பும் வழி முன்னரே உண்டு. எனினும் அவசரத்தில் இருப்பவர் எந்தப் பொத்தான் எதைச் செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருப்பதில்லை.

மூன்று வழிகள்

படம் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல அடிப்படையில் மூன்று வழிகளே உள்ளன. முதலாவது, இணையத்தின் வழியே தொலைவிலுள்ள சர்வருக்கு ஏற்றி, அங்கிருந்து மற்றவர் இறக்கிக்கொள்வது. இருவரும் ஒரே மேசையின் இரு பக்கங்களில் அமர்ந்திருந்தாலும் படம் பல நூறு கிலோமீட்டர் சென்று திரும்புகிறது. 160 மெகாபைட் ஏற்றத்திற்கும் 160 மெகாபைட் இறக்கத்திற்குமாக இருவர் கணக்கிலும் தரவு செலவாகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கப்படுமுன் ஒரு கிகாபைட் தரவுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் செலவாயிற்று என்பதை நினைவிற்கொண்டால், அந்நாட்களில் இணையமின்றிக் கோப்பு மாற்றும் செயலிகள் இந்தியாவில் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவின என்பது விளங்கும். தரவின் விலை பிறகு பெரிதும் வீழ்ந்தது. ஆயினும் தகரக் கூரைகளும் நெருங்கிய சுவர்களும் உள்ள சந்துகளில் அலைக்கற்றை தடைப்படுவது மறையவில்லை.

இரண்டாவது வழி புளூடூத். கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க இது மிகச் சிக்கனமான வழி. பெரிய கோப்பைச் சுமப்பதற்கு ஏற்றதன்று. நடைமுறையில் வினாடிக்கு ஏறத்தாழ கால் மெகாபைட் என்ற வேகத்தில், மேற்கூறிய நாற்பது படங்கள் சென்று சேரப் பத்து நிமிடத்திற்கும் மேலாகும்.

மூன்றாவது, இரு கைபேசிகளும் தமக்குள் நேரடியாக வைஃபை இணைப்பு ஏற்படுத்திக்கொள்வது. இதற்கான பொது நெறிமுறையான வைஃபை டைரக்ட் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகள் அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து இதனை ஏற்றன. வினாடிக்கு 20 மெகாபைட் என்று குறைவாகக் கணக்கிட்டாலும் நாற்பது படங்களும் எட்டு வினாடிகளில் சென்றுவிடும். இணையத் தரவு ஒரு பைட்டும் செலவாகாது. அருகருகே இருப்பவர்கள் பகிர்ந்துகொள்ளும் செயலிகள் பல இவ்விரண்டாம் மூன்றாம் வழிகளை இணைத்து இயங்குகின்றன. தேடுவது புளூடூத், சுமப்பது வைஃபை.

இணைய வழிக்கும் நேரடி வழிக்கும் உள்ள வேறுபாட்டை 'பம்ப்' என்ற செயலியின் வரலாறு நன்கு காட்டுகிறது. 2009-இல் அமெரிக்காவில் வெளிவந்த இதில், இரு கைபேசிகளை ஒன்றோடொன்று இலேசாக மோதினால் படமும் முகவரியும் மாறிச் செல்லும். மோதிய இடத்தில் ஏதோ பாய்கிறது என்றே பயன்படுத்தியோர் எண்ணினர். உண்மையில், மோதிய நேரத்தையும் இடத்தையும் இரு கைபேசிகளும் தனித்தனியே சர்வருக்குத் தெரிவிக்க, ஒரே நொடியில் ஒரே இடத்தில் அதிர்ந்தவை எவை என்று சர்வர் பொருத்திப் பார்த்தது. தகவலும் அதன் வழியாகவே சென்றது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட முறை இறக்கப்பட்ட இச்செயலியை 2013 செப்டம்பரில் கூகுள் வாங்கியது. 2014 ஜனவரி 31-உடன் அது நிறுத்தப்பட்டது. பயன்படுத்துவோர் பெருகப் பெருகச் சர்வர் செலவும் பெருகும், ஆனால் ஒரு படத்தை மாற்றியதற்காக எவரும் கட்டணம் தரமாட்டார் என்ற முரண்பாடு இத்தகைய செயலிகள் அனைத்திற்கும் பொதுவானது.

உருவாக்கும் முறை

நேரடி வழியில் இயங்கும் செயலியை உருவாக்குவோர் முதலில் எதிர்கொள்வது, அருகிலுள்ள கருவிகளைக் கண்டறியும் பணி. குறைந்த மின்சக்தியில் இயங்கும் புளூடூத் முறையில் ஒவ்வொரு கைபேசியும் 'இதோ இருக்கிறேன்' என்ற சிற்றறிவிப்பை இடைவிடாது ஒலிபரப்புகிறது. பழைய முறைப்படி அவ்வறிவிப்பின் கொள்ளளவு 31 பைட் மட்டுமே. இங்கே இந்திய மொழிகளுக்கு ஒரு சிறு தொல்லை காத்திருக்கிறது. இன்று பரவலாக வழங்கும் எழுத்துக் குறியீட்டு முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழிலோ ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும், மேலே இடும் புள்ளிக்கும், மூன்று பைட்டுகள் வேண்டும். 'உல்லாஸ்நகர்' என்ற ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதினால் 33 பைட்டுகள் ஆகின்றன. முழு அறிவிப்பிலும் அது அடங்காது. தேவநாகரிக்கும் இதே நிலைதான். பெயரை அறிவிப்பிலேயே வைக்கும் செயலி, ஆங்கிலத்தில் பெயர் எழுதுபவருக்கு மட்டுமே சரியாக வேலை செய்யும். அறிவிப்பில் ஒரு குறுகிய அடையாள எண்ணை மட்டும் வைத்து, இணைந்தபின் பெயரைப் பெற்றுக்கொள்வதே முறை. வெளிநாட்டில் எழுதிய மாதிரி நிரலை அப்படியே எடுத்துக்கொள்ளும் மாணவர்கள், தமிழில் பெயர் வைத்த கைபேசியில் சோதித்துப் பார்க்கும் வரை இதை அறிவதில்லை.

அடுத்தது, கண்டறிந்த கருவி உரியவருடையதுதானா என்று உறுதி செய்வது. தனி வீட்டில் இது எளிது. மாலை நேரத்து அம்பர்நாத் லோக்கலில் ஒரு பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான கைபேசிகள் இருக்கையில் பட்டியலில் வரும் பெயர்களுள் எது எவருடையது என்று கூற இயலாது. ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் பெயர் பத்து முறை வரக்கூடும். ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்டிராப் வசதியில் இதன் தீய பக்கம் வெளிப்பட்டது. ரயில்களிலும் விமானங்களிலும் முன்பின் அறியாதோர் ஆபாசப் படங்களைப் பெண்களின் கைபேசிகளுக்கு அனுப்பத் தலைப்பட்டனர். யாவரிடமிருந்தும் பெறலாம் என்ற நிலை பத்து நிமிடங்களுக்குப் பின் தானே அணைந்துவிடும்படி 2022 டிசம்பரில் அந்நிறுவனம் உலகெங்கும் மாற்றியமைத்தது. நெரிசலான நகரங்களுக்குச் செயலி எழுதுவோர் இப்பாடத்தைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்வது நன்று. கருவி எப்போதும் மறைந்தே இருக்க வேண்டும்; உரியவர் விரும்பும்போது மட்டும், சிறிது நேரத்திற்கு மட்டும் வெளிப்பட வேண்டும். படத்தின் முன்னோட்டத்தைக்கூட, பெறுபவர் ஒப்புக்கொள்ளுமுன் காட்டுதல் ஆகாது.

இதற்கு இந்தியச் சூழலிலேயே ஓர் எளிய தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. யுபிஐ பணப் பரிமாற்றம் பரவியதால், கியூஆர் குறியீட்டைக் காமிராவால் படிப்பது காய்கறி விற்பவருக்கும் பழகிய செயலாகிவிட்டது. பெறுபவரின் திரையில் கியூஆர் குறியீடு தோன்ற, அனுப்புபவர் அதைப் படித்தால் போதும். பட்டியலில் பெயர் தேட வேண்டியதில்லை. அதனினும் சிறப்பு, அக்குறியீட்டிலேயே இணைப்பைப் பூட்டும் மறைச்சாவியின் அடையாளத்தையும் வைத்துவிட முடிவது. அவ்வாறு செய்தால் மூன்றாமவர் ஒருவர் இடையில் புகுந்து தாமே பெறுபவர் போல நடிக்க இயலாது. ஏனெனில் அக்குறியீடு வானலையில் செல்லாமல், ஒரு திரையிலிருந்து நேரே ஒரு காமிராவுக்குச் செல்கிறது.

இணைப்பு ஏற்பட்டபின் படத்தை அனுப்புவது எளிய பகுதியாகத் தோன்றும்; ஆனால் புதிதாக எழுதுவோரின் செயலிகள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகின்றன. அழைப்பு வரும், கைபேசி உறங்கும், ஒருவர் நடந்து அடுத்த அறைக்குப் போவார். நாற்பது படங்களில் முப்பத்தொன்பதாவதில் இணைப்பு அறுந்தால், முதலிலிருந்து தொடங்கும் செயலியை எவரும் இரண்டாம் முறை திறக்கமாட்டார். ஆகவே கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, எத்துண்டுவரை சேர்ந்தது என்ற குறிப்பு இருபுறமும் வைக்கப்படுகிறது. முழுப் படமும் சேர்ந்தபின் அதன் சரிபார்ப்பு எண்ணைப் பெற்றவர் கருவி தானே கணக்கிட்டு, அனுப்பியவர் தந்த எண்ணுடன் ஒப்பிடுகிறது. லாரியில் வந்த மூட்டைகளை ரசீதுடன் எண்ணிப் பார்ப்பது போன்றதே இது. ஆனால் மூட்டைக்குள் ஒரு நூல் மாறியிருந்தாலும் இவ்வெண் காட்டிக்கொடுத்துவிடும்.

அனுமதி கேட்கும் முறையிலும் கவனம் தேவை. ஆண்ட்ராய்டின் பழைய பதிப்புகளில், அருகிலுள்ள வைஃபை கருவியைத் தேட இருப்பிட அனுமதி பெற்றாக வேண்டும். படம் அனுப்ப எதற்கு என் இருப்பிடம் என்று பயன்படுத்துவோர் ஐயுறுவது இயற்கை. 2022-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்துதான் இதற்கெனத் தனி அனுமதி ஏற்பட்டது. பழைய கைபேசிகள் பல கை மாறி இன்னும் புழங்கும் நகரங்களில், காரணத்தை அவரவர் மொழியில் ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு அனுமதி கேட்பதே நாகரிகம்.

படத்தோடு செல்லும் முகவரி

குறைவின்றிச் செல்லும் படம் என்பதில் ஓர் எதிர்பாராத ஆபத்தும் உண்டு. இருப்பிடக் குறிப்பைச் சேர்க்கும் அமைப்பு கைபேசிக் காமிராவில் இயங்குமானால், படம் எடுத்த நாள், நேரம் ஆகியவற்றுடன் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் கோப்புக்குள் பதிந்துவிடுகின்றன. செய்திச் செயலிகள் படத்தைச் சுருக்கும்போது இக்குறிப்புகளையும் நீக்கிவிடுவதால், பெரும்பாலோர் அவை இருப்பதையே அறியார். மூலக் கோப்பை அப்படியே அனுப்பும் நேரடிச் செயலியிலோ குறிப்புகளும் உடன் செல்கின்றன.

ஆடைத் தொழிலில் இது வெறும் அந்தரங்கப் பிரச்சினையன்று. உற்பத்தியாளருக்கும் கடைக்காரருக்கும் இடையே நிற்கும் தரகரின் பிழைப்பு, எந்தச் சந்தில் எந்தக் கார்கானா எதைத் தைக்கிறது என்ற அறிவிலேயே இருக்கிறது. படம் வழியே அம்முகவரி கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டால் தரகர் விலகிப்போவார். அதனால் உற்பத்தியாளருக்கு ஆதாயம் ஏற்படலாம், அல்லது முன்பணம் தந்துவந்த ஒரே மனிதரை அவர் இழக்கவும் கூடும். வீட்டிலேயே தைக்கும் பெண்களுக்கு இக்குறிப்பு வீட்டு முகவரியையே அந்நியர் கையில் கொடுத்துவிடுகிறது. எது நன்மை என்று செயலி தீர்மானிப்பதற்கில்லை. ஆனால் இருப்பிடத்தை நீக்கி அனுப்புவதே இயல்பான நிலையாகவும், விரும்பினால் மட்டும் சேர்ப்பது விதிவிலக்காகவும் இருத்தல் வேண்டும். இந்த ஒரு முடிவுக்கு ஒரு சில வரி நிரல் போதும். அதை எடுக்காமல் விட்டால் அதன் விளைவைத் தாங்குபவர் நிரல் எழுதியவர் அல்லர்.

2020-இன் அனுபவம்

2020 ஜூன் 29 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின்கீழ் மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அவற்றுள் ஷேர்இட், ஜெண்டர் ஆகிய இரண்டும் நாடெங்கும் இணையமின்றிப் படமும் பாட்டும் மாற்றிக்கொள்ளப் பயன்பட்டவை. இவை பற்றிய ஐயம் புதிதன்று. 2017-லேயே பாதுகாப்புப் படையினர் தம் கைபேசிகளிலிருந்து நீக்க வேண்டியவை எனச் சுட்டப்பட்ட 42 செயலிகளின் பட்டியலில் ஷேர்இட் இருந்தது. விளம்பரம் நிறைந்த செயலிகளே ஆயினும், தரவு வாங்கக் காசில்லாத காலத்தில் அவை செய்த தொண்டை மறுப்பதற்கில்லை. ஒரே நாளில் அவ்விடம் வெறுமையாயிற்று.

ஜூலை 4 அன்று ஆத்மநிர்பர் பாரத் செயலிப் போட்டி அறிவிக்கப்பட்டது. 6,940 விண்ணப்பங்கள் வந்தன. ஆகஸ்ட் மாதத்தில் 24 செயலிகள் பரிசுக்குரியவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொரு வகையிலும் முதற்பரிசு 20 லட்ச ரூபாய். சமூகத் தொடர்பு, விளையாட்டு, பொழுதுபோக்கு, செய்தி, வணிகம், உடல்நலம் என வகைகள் அமைந்தன. கோப்புப் பரிமாற்றத்திற்குத் தனி வகை அமையவில்லை. எனினும் அவ்வாண்டில் அத்துறையிலும் ஆர்வத்திற்குக் குறைவிருக்கவில்லை. ஜம்மு-காஷ்மீரின் ரஜௌரியைச் சேர்ந்த பதினேழு வயது மாணவர் ஒருவர் 'டோடோ டிராப்' என்ற செயலியைத் தாமே உருவாக்கியது செய்தித்தாள்களில் பாராட்டப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களைக் கொண்டே ஒருவர் இதனைச் செய்ய முடிகிறது என்பது, உருவாக்கும் செலவு எவ்வளவு குறைந்துவிட்டது என்பதற்குச் சான்று.

உல்லாஸ்நகரைப் பற்றிப் பழைய வேடிக்கை ஒன்று உண்டு. அங்கு செய்த பொருள்களின் மேல் 'மேட் இன் யுஎஸ்ஏ' என்று பொறித்திருக்கும். கேட்டால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று விரிவு சொல்வார்கள் என்பர். 2020-இல் முத்திரை மறுபக்கம் திரும்பிற்று. இந்தியத் தயாரிப்பு என்ற பெயரில் பரவிய ஒரு குறும்படச் செயலியின் நிரல், அண்டை நாட்டு நிறுவனம் ஒன்றிடம் சில ஆயிரம் ரூபாய்க்கு விலைக்கு வாங்கப்பட்டது என்று தெரியவந்தது. உல்லாஸ்நகரத்துப் பொருளாவது பெரும்பாலும் உல்லாஸ்நகரத்திலேயே செய்யப்பட்டது.

உருவாக்குவதைவிட நிலைக்கச் செய்வதே அரிது என்பது அடுத்த சில ஆண்டுகளில் புலனாயிற்று. போட்டியில் சமூகத் தொடர்பு வகையில் பரிசு பெற்ற 'கூ' 2024 ஜூலையில் மூடப்பட்டது. கோப்புப் பரிமாற்றத்திலோ வெற்றிடத்தை நிரப்பியது வேறொரு செயலி அன்று, கைபேசியே நிரப்பிக்கொண்டது. ஆண்ட்ராய்டில் நியர்பை ஷேர் என்ற உள்ளமைந்த வசதி 2020 ஆகஸ்டில் வந்தது. 2024 ஜனவரியில் சாம்சங்கின் வசதியுடன் இணைந்து குயிக் ஷேர் என்ற பெயர் பெற்றது. தனியே நிறுவ வேண்டாத ஒன்றுடன் தனிச் செயலி போட்டியிடுவது கடினம்.

செலவும் பொறுப்பும்

இவ்விடத்தில் கணக்கு எவ்வாறு அமைகிறது என்பது கவனிக்கத்தக்கது. நேரடி வழிச் செயலிக்குச் சர்வர் இல்லை. ஆகவே பயன்படுத்துவோர் ஆயிரம் பேரானாலும் கோடிப் பேரானாலும் இயக்கச் செலவு பெரிதாக உயர்வதில்லை. படங்கள் எங்கும் சேமிக்கப்படாமையால், 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஏற்படும் சுமையும் குறைவே. சர்வர் வழிச் செயலியை நடத்துபவர் பிறருடைய படங்களுக்குக் காவலர் ஆகிறார். நேரடிச் செயலியை எழுதியவர் எதற்கும் காவலராக வேண்டியதில்லை. ஆனால் இதே காரணத்தால் அவருக்கு வருவாயும் இல்லை. விற்கத் தரவு இல்லை, வசூலிக்கக் கட்டணம் இல்லை. விளம்பரத்தைத் திணித்தால் ஷேர்இட் சென்ற வழியே செல்ல நேரும். இருந்தும் செலவு முற்றிலும் நின்றுவிடுவதில்லை. கூகுள் கடையில் பதிவுக் கட்டணம் ஒருமுறை 25 டாலர். ஆப்பிள் கடையில் ஆண்டுதோறும் 99 டாலர். ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு வருந்தோறும் செயலியைத் திருத்தி ஏற்றாவிட்டால், புதிய கைபேசி வாங்கியவருக்கு அது கடையில் தென்படாமல் போய்விடும். பரிசுத் தொகை முதல் ஆண்டுக்கு வருகிறது. பராமரிப்பு ஒவ்வோர் ஆண்டும் வருகிறது.

செலவு சிறிது, பயன் பரவலானது, விலை வசூலிக்க வழியில்லை என்ற மூன்றும் கூடிய பொருளைப் பொருளாதார நூல்கள் பொதுப்பொருள் வகையில் வைக்கின்றன. தெருவிளக்கைத் தனி நிறுவனம் நடத்தி இலாபம் ஈட்ட வேண்டும் என எவரும் எதிர்பார்ப்பதில்லை. இதையும் புதுநிறுவன முதலீட்டாளரின் அளவுகோலால் அளந்து, நிலைக்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. இதற்குரிய அமைப்பு, நிரலை யாவரும் காணவும் திருத்தவும் விடும் திறந்த மூல முறை. லோக்கல்சென்ட், கேடிஈ கனெக்ட் முதலியன அவ்வாறே உலகெங்குமுள்ள தன்னார்வலரால் பராமரிக்கப்படுகின்றன. ஆண்ட்ராய்டு, ஐஃபோன், விண்டோஸ், லினக்ஸ் ஆகிய அனைத்திலும் லோக்கல்சென்ட் இயங்குகிறது. அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தரும் கொள்கையை மத்திய அரசு 2015-லேயே வெளியிட்டது. அக்கொள்கை பெரும்பாலும் அலுவலகக் கணினிகளைப் பற்றியே பேசுகிறது; கைபேசியில் தொழில் நடத்தும் லட்சக்கணக்கானோரை இனித்தான் அது எட்ட வேண்டும்.

நெறிமுறை பற்றியும் ஒரு சொல் தேவை. 2016-இல் தொடங்கிய யுபிஐ வெற்றி பெற்றதற்குக் காரணம் அரசு ஒரு செயலியைத் தந்தது அன்று. எச்செயலியிலிருந்தும் எச்செயலிக்கும் பணம் செல்லும் பொது விதி வகுக்கப்பட்டதே காரணம். படப் பரிமாற்றத்தில் நெடுங்காலம் இதற்கு மாறான நிலையே இருந்தது. ஏர்டிராப் ஆப்பிள் கருவிகளோடு மட்டும் பேசிற்று. ஆண்ட்ராய்டு வசதி ஆண்ட்ராய்டோடு மட்டும். 2025 நவம்பரில் கூகுள் தன் பிக்சல் 10 கைபேசிகளில் குயிக் ஷேர் ஏர்டிராப்புடன் பேசும்படி செய்தது. வரவேற்கத்தக்கதே, ஆனால் உல்லாஸ்நகர்த் தையற்கூடத்தில் இருப்பது பத்தாயிரம் ரூபாய்க் கைபேசி, பிக்சல் 10 அன்று. அவருக்கு இன்று எல்லாக் கருவிகளுடனும் பொருந்தும் வழி, ஒரு கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் மற்றொன்று இணைந்து, பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து படத்தை எடுத்துக்கொள்வதே ஆகும். அழகில்லாத வழிதான், ஆனால் ஐஃபோன், பழைய ஆண்ட்ராய்டு, கடை மேசையிலுள்ள விண்டோஸ் கணினி ஆகிய மூன்றிலும் அது இயங்குகிறது. ஐஃபோன் 2017 முதல் படங்களைச் சேமிக்கும் ஹெச்ஈஐசி வடிவம் பழைய கணினிகளில் திறவாது என்பதால், அனுப்புமுன் ஜேபெக் வடிவிற்கு மாற்றும் வசதியும் உடன் வேண்டும்.

பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவர் குழு ஒன்று ஒரு பருவத்தில் செய்து முடிக்கத்தக்க பணி இது. திறந்த மூல நிரல் ஒன்றை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, கியூஆர் வழி இணைப்பு, இருப்பிடக் குறிப்பை நீக்குதல், அறுந்த இடத்திலிருந்து தொடர்தல், சிந்தி, மராத்தி, இந்தி, தமிழ் மொழிகளில் திரைச் சொற்கள் ஆகியவற்றைச் சேர்த்தால் போதும். சோதனைக்கு ஆய்வகம் ஏற்ற இடமன்று. மாலை ஏழு மணிக்கு விட்டல்வாடியில் நிற்கும் லோக்கல் பெட்டியிலும், தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும் தகரக் கூரைக் கார்கானாவிலும், நான்கு ஆண்டுப் பழைய கைபேசிகள் இரண்டைக் கொண்டு நாற்பது படங்களை மாற்றிப் பார்த்து, சேர்ந்தவை எத்தனை, எடுத்த நேரம் எவ்வளவு, இரண்டாம் முறை உதவியின்றிச் செய்ய முடிந்தவர் எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அக்குறிப்புகளை வைத்துக்கொண்டுதான் எந்தத் துறை எவ்வளவு ஒதுக்குவது என்ற பேச்சைத் தொடங்க முடியும்.